ஆறில் இரண்டு

நாடகத்தில் வாத்தியாராக நடிக்க முடியுமா என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டபோது என் கையில் பதினேழாவது புடவை இருந்தது. முந்தைய பதினாறும் எங்கள் இருவருக்கும் நடுவே மலையாகக் குவிந்து கிடந்தன.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் காட்டன் புடவைப் பிரிவு எனக்கு. முப்பத்தேழு வருடமாகக் கவுண்டருக்கு உள்ளே நிற்கிறேன். எங்கள் கடையில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. வந்தவர் உதட்டைப் பிதுக்கினால் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கக் கூடாது. நல்லாத்தானே இருக்கிறது என்று வாதாடக் கூடாது. முகம் சுளிக்கவே கூடாது. அடுத்த புடவையை ஒரே உதறலில் விரித்துவிட்டு, "வேற காட்டட்டுமாம்மா?" என்று கேட்க வேண்டும். நாற்பது புடவையைக் கலைத்துப் போட்டுவிட்டு ஒரு கைக்குட்டை வாங்கிக்கொண்டு போனாலும், முதல் புடவைக்கு இருந்த முகம்தான் நாற்பதாவதுக்கும் இருக்க வேண்டும்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. புடவை மடிப்புக்குள் ஒரு அட்டை வைத்து வருமே, அதை நான் தூக்கிப் போடுவதில்லை. வாடிக்கையாளர்கள் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தைகளை அதில் எழுதி வைத்துக்கொள்வேன். "கலர் நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் உள்ள நுழையறதுக்கு முன்னாடி இது நுழைஞ்சிரும்" என்று ஒரு பெண் சொன்னார். மூன்று மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு கணவர், "இவ சீக்கிரமா முடிவு பண்ணது என் விஷயத்துல மட்டும்தான் சார். அதுக்கே இன்னும் வருத்தப்பட்டுட்டிருக்கா" என்றார். இப்படி அட்டைகள் எங்கள் வடபழனி வீட்டில் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. நான் படித்ததெல்லாம் அதுதான்.

அந்த அம்மாள் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டையாக வெட்டிய நரைமுடி, சங்கிலி போட்ட கண்ணாடி. பதினேழாவது புடவையை நான் விரித்ததும் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நீங்க பேசறது கணீர்னு இருக்கே. கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும். மேடையில நடிப்பேளா?"

"ஆயுத பூஜைக்குக் கடையில போட்ட நாடகத்துல எமனா நடிச்சிருக்கேன்மா."

"எமனா நடிச்சவருக்கு வாத்தியாரா நடிக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல" என்றார். பதினேழாவதை எடுத்துக்கொண்டார். அன்று முதல் அவர் எனக்கு டீச்சர்.

நாடகத்தை எழுதியவரும் அவர்தான், நடத்தியவரும் அவர்தான். கதை சிக்கலில்லாதது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையனுக்குக் கணக்கு வரவில்லை. பத்தாவதுக்கு அனுப்பினால் பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி போய்விடும். அதனால் இப்போதே டீசி கொடுத்து அனுப்பிவிடு என்கிறார் தாளாளர். முடியாது என்கிறார் வாத்தியார். கடைசிக் காட்சியில், படிப்பு எதற்கு என்று வாத்தியார் தாளாளரிடம் பேசுகிறார். அந்தப் பேச்சு மட்டும் நாலு பக்கம்.

மந்தைவெளியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஒத்திகை. முந்தின நாள் சாம்பார் வாசனை போயிருக்காது. தாளாளராக நடித்தவர் எங்கள் நாடகக் குழுவின் செயலாளர். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருந்தவர். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வசனம் பேசுவார்.

மாணவன் வேஷத்துக்கு முதலில் நிஜப் பையன்களைத்தான் தேடினார்கள். ஒருவன்கூட வரவில்லை. எல்லாருக்கும் டியூஷன். படிப்பு எதற்கு என்று கேட்கிற நாடகத்துக்கு வர ஒரு பையனுக்கும் நேரம் இல்லை என்று டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில், அவரை இருபது வருடமாக ஏற்றி இறக்கும் ராயப்பேட்டை ஆட்டோக்காரர் அகப்பட்டார். நாற்பத்தாறு வயது, ஒல்லியான ஆள், முகம் மட்டும் சின்னப்பிள்ளை முகம். அரைக்கால் சட்டைக்காக மீசையையும் எடுத்துவிட்டார்.

"வூட்டுக்காரி ரெண்டு நாளா மூஞ்சப் பாத்துப் பேச மாட்டேன்றா அண்ணாத்த. கதவத் தட்டுனா 'யார் வேணும்'ன்றா" என்றார் என்னிடம்.

அவரும் நானும் சீக்கிரமே ஒட்டிக்கொண்டோம். ஒத்திகைக்கு தி.நகரிலிருந்து அவர் ஆட்டோவிலேயே போவோம். வழியெல்லாம் வசனம். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் அவர்களைப் பார்த்து, "இவுரு வாத்தியாரு, நான் மக்கு. நீ போ நைனா" என்பார்.

எங்கள் இருவருக்கும் முக்கியமான காட்சி கரும்பலகைக் காட்சி. அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று நான் பலகையில் எழுத வேண்டும். பையன் யோசித்து, மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் நாலும் ஆறு, ஆகவே ஆறில் இரண்டு என்று எழுதுவான். பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டிய இடம் அது. கீழே இருப்பதைச் சமமாக்க வேண்டும் என்று நான் பலகையில் போட்டுக் காட்டுவேன். "புரியல சார்" என்பான். மறுபடி போடுவேன். "புரியல சார்" என்பான். மூன்றாவது முறை, "புரிஞ்சுது சார்" என்பான். உடனே தாளாளர் உள்ளே வருவார். "இவனுக்கு ஒண்ணும் ஏறாது. இவனுக்கெல்லாம் படிப்பு எதுக்கு?" என்பார். அந்த வரிதான் எனக்கு எடுப்பு, அதைக் கேட்டதும் நான் பேச ஆரம்பிக்க வேண்டும். அங்கிருந்து நாலு பக்கம்.

நாலு பக்கத்தில் மூன்றாவது பக்கம் வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். என் மனைவி தென்காசிப் பக்கம். இந்த ஊருக்கு வந்து இருபத்தைந்து வருடமாகியும் பேச்சு மாறவில்லை. "கீழ் வீட்டுக்காரங்க வந்து கேக்காங்க, அண்ணன் உள்ள யாரப் போட்டு ஏசுதாங்கன்னு. நான் என்ன சொல்லட்டும்? கல்வியப் போட்டு ஏசுதாங்கன்னா?"

ஒருநாள் ஒத்திகையில் மூன்றாவது பக்கத்தில் ஐந்து தடவை நின்றேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டீச்சரிடம் சொன்னார், "அடையாறுல ஒரு புரொபசர் இருக்கார் மேடம். காகிதமே இல்லாம ஒரு மணி நேரம் பேசுவார். இவரை வேணா அந்த பியூன் வேஷத்துக்கு..."

என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எல்லாரும் போன பிறகு டீச்சரிடம் போய் நின்றேன்.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். நான் ஒன்பதாவதோட நின்னவன். எனக்கும் டீசிதான் குடுத்தாங்க. நீங்க எழுதின மாதிரியேதான். அந்தப் போர்டுல எழுதுற கணக்குகூட எனக்கு மனப்பாடம், அவ்வளவுதான். மூணாம் பக்கம் வந்தா, இதையெல்லாம் நீ சொல்றியான்னு யாரோ கேக்குற மாதிரியே இருக்கு. புரொபசரே நடிக்கட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே, பந்திக்கு உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார்.

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்களுக்கு யாரோ போட்டாளே, அந்த மாதிரி. நிறைய போட்டிருக்கேன். ஸ்கூலுக்கு நல்ல பேர் வரணும்னு. ஒரு பொண்ணு, ரெட்டைப் பின்னல் போட்டுண்டிருப்பா. அப்பா அம்மா யாரும் வரல, அவளே வந்தா. டீசிய வாங்கிண்டு, 'தேங்க் யூ மிஸ்'னு சொல்லிட்டுப் போனா. திட்டியிருந்தா மறந்திருப்பேன்."

மடியிலிருந்த கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அன்னிக்கு அந்த ரூம்ல யாராவது பேசியிருக்கணும். யாராவது என்ன, நான்தான் பேசியிருக்கணும். அதத்தான் நாலு பக்கமா எழுதி வச்சிருக்கேன். மத்த நாப்பது பக்கமும் அதுக்காக எழுதினதுதான். புரொபசர் நன்னா ஒப்பிப்பார், எனக்குத் தெரியும். எனக்கு ஒப்பிக்கற ஆள் வேண்டாம். நீங்க சொல்லிடுங்கோ. ஒரு தடவ சொல்லிட்டாப் போறும்."

இதற்கு மேல் எப்படி மாட்டேன் என்பது? நாலு பக்கத்தையும் புடவை அட்டைகளில் பிரித்து எழுதினேன். மொத்தம் பத்தொன்பது அட்டை. மதியம் கூட்டம் குறையும்போது கவுண்டருக்கு அடியில் வைத்துப் படிப்பேன். கூட வேலை பார்ப்பவர்கள், ஸ்டாக் எழுதுகிறேன் என்று நினைத்தார்கள். நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூன்றாவது பக்கத்தைத் தாண்டிவிட்டேன். குளிக்கும் இடத்தில் முழுதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தால், என் மனைவி துண்டோடு நின்றுகொண்டிருந்தாள். "இப்பத்தான் முழுசா கேட்டேன். நல்லாத்தான் எழுதியிருக்காங்க அந்த அம்மா" என்றாள். அவள் வாயால் அது பெரிய விஷயம்.

மாடவீதியை ஒட்டி ஒரு சின்ன அரங்கம், சனிக்கிழமை சாயங்காலம். கேண்டீனில் அடை அவியல் என்று தெரிந்ததாலோ என்னவோ, நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். டீச்சர் மேடையின் ஓரத்தில், படுதாவுக்குப் பின்னால் நாற்காலி போட்டுப் பிரதியோடு உட்கார்ந்துகொண்டார். பதினேழாவது புடவையைக் கட்டியிருந்தார். நாங்கள் மேடை ஏறும்போது என்னைக் கையால் நிறுத்தினார். நாலு விரலை மட்டும் காட்டினார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கரும்பலகைக் காட்சி வந்தது. ஆறில் இரண்டு என்று ஆட்டோக்காரர் எழுதினார். சனங்கள் சிரித்தார்கள். நான் போட்டுக் காட்டினேன். "புரியல சார்" என்றார். இரண்டாம் முறை போட்டேன். "புரியல சார்" என்றார். மூன்றாம் முறை போட்டுவிட்டு, அவர் "புரிஞ்சுது சார்" என்று சொல்லக் காத்திருந்தேன். தாளாளர் அந்தப் பக்கம் நுழையத் தயாராக நின்றார்.

ஆட்டோக்காரர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நெசமா புரியல சார்" என்றார்.

வசனத்தை மறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் தினம் பார்க்கிறேன். விரித்த புடவை பிடிக்காமல், அதைச் சொல்லவும் கூச்சப்பட்டுக்கொண்டு, எழுந்து போகவும் மனசில்லாமல் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் அது. அதைப் பார்த்தால் என் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வரும். வந்துவிட்டது.

"வேற காட்டட்டுமா?"

கை அதுவாகவே துணியைத் தேடியது. மேடையில் இருந்த ஒரே துணி, வாத்தியார் மேஜையில் விரித்திருந்த பச்சை விரிப்பு. எங்கள் கடையிலிருந்து நான் கொண்டுவந்து போட்டதுதான். இழுத்தேன். சாக்பீஸ் பெட்டி உருண்டது. ஒரே உதறல். விரிப்பு காற்றில் போய் அவர் முன்னால் சுருக்கமில்லாமல் விழுந்தது. அதற்கே முன்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். அதே கடையில் வாங்குபவர்களாக இருக்கும்.

துணியை நாலாக மடித்தேன். "இதுல பாதி எத்தனை மடிப்பு?"

"ரெண்டு."

"இன்னும் ஒரு கால் சேத்துக்கோ."

"மூணு. நாலுல மூணு."

"சரி. இப்ப நீ எழுதினது. ஆறில் இரண்டு." பிரித்து ஆறாக மடித்து இரண்டு மடிப்பை மட்டும் அவர் கையில் கொடுத்தேன். "நீ கடைக்கு வந்த. முதல்ல அரை மீட்டர் வாங்கின. பத்தலைன்னு இன்னும் கால் மீட்டர் வாங்கின. வீட்டுல போய் ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா இவ்வளவுதான் இருக்கு. முதல்ல வாங்கின அரையவிட இது பெருசா, சின்னதா?"

அவர் அந்த இரண்டு மடிப்பை, பாதித் துணியான மூன்று மடிப்போடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"சின்னதா கீது."

"என்ன செய்வ?"

"இன்னா செய்வேனா? கடைய ரெண்டாக்கிருவேன் சார்!"

அரங்கம் அதிர்ந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். "அடச்சே, இத்தினி வருசமா இதுக்கா பயந்துகினு இருந்தேன்?" என்று சொன்னது வசனத்தில் இல்லை. எனக்காகச் சொன்னதுமில்லை.

உள்ளே எப்போது நுழைவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த செயலாளர் அப்போது பார்த்து வந்துவிட்டார். டீசியை நீட்டிக்கொண்டு, "இவனுக்கு ஒண்ணும் ஏறாது. இவனுக்கெல்லாம் படிப்பு எதுக்கு?" என்றார்.

நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். முதல் அட்டையின் முதல் வரி நாக்கு நுனியில் இருந்தது.

ஆட்டோக்காரர் முந்திக்கொண்டார். "இன்னாது ஏறாதா? இங்க வா சார். இந்தத் துணியப் புடி." தாளாளரின் கையில் பச்சைத் துணியைத் திணித்து, மடிக்கச் சொல்லி, பாதி எவ்வளவு, கால் எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். செயலாளர் பயத்தில் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒரு பதில் தப்பு. "பரவால்ல சார், வேற காட்டட்டுமா?" என்றார் ஆட்டோக்காரர்.

சிரிப்பு அடங்கி, மேடையில் மூன்று பேரும் நின்றோம். இப்போதாவது நான் பேச வேண்டும். நாலு பக்கமும் எனக்குத் தெரியும், ஒரு சொல் விடாமல் தெரியும். "படிப்பு எதுக்குன்னு கேட்டீங்க" என்று ஆரம்பித்துவிட்டுப் படுதாவின் ஓரத்தைப் பார்த்தேன். டீச்சர் பிரதியை மூடி மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எனக்குத் தப்பாகத் தெரிகிறதோ என்று மறுபடி பார்த்தேன். மறுபடியும் ஆட்டினார். திரையை இழுப்பவருக்குக் கையைக் காட்டினார்.

உள்ளே வந்ததும் செயலாளர் குதித்தார். "நாலு பக்கத்தை முழுங்கிட்டீங்களே! நாடகத்தோட உயிரே அதுதானே!"

டீச்சர் அவரைக் கவனிக்கவில்லை. ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, மூணு மாசமா ஒத்திகை பண்ணினோமே, உனக்கு நிஜமாவே புரியலையா?"

"இல்ல டீச்சர்மா. கேட்டா சிரிப்பீங்கோன்னு வுட்டுட்டேன்."

"இன்னிக்கு மட்டும் ஏன் கேட்ட?"

"'புரிஞ்சுது சார்'னு சொல்லணும்ல? ஒத்திகையில சொல்லிட்டேன், காலி நாற்காலிதானேன்னு. இன்னிக்கு அத்தினி பேர் உக்காந்துகினு கீறாங்க. பொய் சொல்ல வாய் வரல."

டீச்சர் புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "முப்பத்தெட்டு வருஷம் 'புரிஞ்சுதா'ன்னு கேட்டேன். எல்லாரும் 'புரிஞ்சுது மிஸ்'னு சொல்லிண்டு இருந்தா. நானும் நம்பிண்டு இருந்தேன்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். உங்களுக்காக ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றேன்.

"முன்னூறு பேர்ட்ட சொல்லி என்ன ஆகப்போறது? யார்கிட்ட சொல்லணுமோ அவகிட்டன்னா சொல்லணும். மேடையில சொல்லிட்டா சொன்னதாயிடும்னு நெனச்சிண்டிருந்தேன்." பிரதியிலிருந்து அந்த நாலு பக்கத்தைக் கிழித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு கேண்டீனில் அடை தீர்ந்துவிடும் என்று எங்களை அவசரப்படுத்தினார்.

அடுத்த மாதம் அடையாறில் இன்னொரு காட்சி கேட்டார்கள். பச்சைத் துணிக் கட்டம் கட்டாயம் வேண்டுமாம். இதில்தான் ஒரு சங்கடம் வந்தது. ஒத்திகையில் ஆட்டோக்காரர் பலகைமுன் நின்று திருதிருவென்று விழித்தார்.

"இப்ப இன்னா பண்றது? எனக்குத்தான் புரிஞ்சி போச்சே. புரியலன்னு சொன்னா நடிக்கிற மாதிரி இருக்குது."

"அதுதாம்ப்பா நாடகம்" என்றார் செயலாளர்.

"கவலப்படாதே" என்றார் டீச்சர். "உனக்குப் புரியாத கணக்கு இன்னும் நிறைய இருக்கு. காட்சிக்கு ஒண்ணா வச்சுக்கலாம்." அப்படித்தான் வைத்துக்கொண்டோம். அடையாறில் வட்டத்தின் பரப்பளவு. அது எனக்கும் தெரியாது. ஒரு வாரம் என் மனைவியின் தோசைக்கல்லோடு மல்லுக்கட்டினேன். "ஒன்பதாவதுல விட்டத இப்ப என் அடுப்படியில வந்து படிக்கீங்களாக்கும்" என்றாள். ஆனால் தோசையை எட்டாக வெட்டி, தலைகீழாக மாற்றி மாற்றி வரிசையாக அடுக்கினால் கிட்டத்தட்ட நீள்சதுரமாகிவிடும் என்று காட்டியது அவள்தான்.

போன வாரம் மதியம் டீச்சர் கடைக்கு வந்தார். தனக்கில்லை, வேறொருவருக்கு ஒரு புடவை வேண்டும் என்றார். பள்ளியின் பழைய பதிவேட்டில் ஆரம்பித்து, யார் யாரையோ கேட்டு, ஒரு விலாசம் கிடைத்திருக்கிறது. பெருங்குடிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை போகப் போகிறாராம், ஆட்டோவும் சொல்லிவிட்டாராம். கைப்பையின் வாயில் நாலு காகிதம் மடித்து நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன வயசு டீச்சர்?"

"இப்போ நாப்பத்தஞ்சு இருக்கும்."

"என்ன கலர் பிடிக்கும் அவங்களுக்கு?"

அவர் யோசித்தார். "தெரியலையே. ஒண்ணுமே தெரியாது. யூனிபார்ம்ல, ரெட்டைப் பின்னலோட பார்த்ததுதான்."

நான் இலைப்பச்சையில் ஒன்றை உதறி விரித்தேன். உதட்டைப் பிதுக்கினார். மாந்துளிர் நிறத்தில் ஒன்று. அதற்கும் பிதுக்கினார். கருநீலம், கடுகு, காவி. பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஒவ்வொன்றையும் தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். அது யார் தோள் என்று நினைத்துக்கொண்டு பார்த்தாரோ தெரியவில்லை.

"கஷ்டப்படுத்தறேனா?" என்றார்.

"வேற காட்டட்டுமா?" என்றேன்.

"காட்டுங்கோ" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நன்றாக உட்கார்ந்தார்.